ரேடியோவில் வந்த இதயம்

நள்ளிரவு. மழை கொட்டுகிறது. மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன். டில்லியிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் வாயில் சிகரெட்டை வைத்துக்கொண்டு நெருப்புக்காகத் தவிக்கிறான். பிளாட்பாரத்தில் கம்பளியால் போர்த்திக்கொண்டு யாரோ உட்கார்ந்திருப்பது தெரிகிறது. ஆண்பிள்ளை என்று நினைத்துக்கொண்டு நெருப்புக் கேட்கிறான். அந்தச் சமயம் பார்த்துக் காற்று ஒரு வீச்சு வீசிக் கம்பளியை விலக்குகிறது. பார்த்தால், பெண்!

அப்புறம் கேட்க வேண்டுமா? அவன் பேசுகிறான், பேசுகிறான், ஓயாமல் பேசுகிறான். அவள் வாயைத் திறக்கவில்லை. கடைசியில், உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று அவன் கெஞ்சாத குறையாகக் கேட்கும்போது, சூடாக ஒரு கோப்பைத் தேநீர் வேண்டும் என்கிறாள். அவன் கடைக்கு ஓடித் தேநீரோடு திரும்பி வருவதற்குள் ரயில் வந்து, அவளை ஏற்றிக்கொண்டு, புறப்பட்டும் விடுகிறது. கையில் தேநீர்; எதிரே வெறும் தண்டவாளம்.

1998-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் வெளிவந்த 'தில் ஸே' என்ற ஹிந்திப் படம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. நம்முடைய மணிரத்னம் நேராக ஹிந்தியில் எடுத்த முதல் படம் அது. தமிழில் 'உயிரே' என்ற பெயரில் வந்தது. 'ரோஜா', 'பம்பாய்' இரண்டுக்கும் பிறகு, தேசத்தின் காயங்களில் ஒன்றைத் தொட்டு அவர் சொன்ன மூன்றாவது காதல் கதை. ஷாருக் கான் ரேடியோ நிலையத்து இளைஞன் அமர். மனீஷா கொய்ராலா அந்தப் பெண், மேக்னா. அந்த ஸ்டேஷன் அஸ்ஸாமின் தென்மலைகளில் உள்ள ஹாப்லாங் என்று கதை சொல்கிறது.

நான் அந்தப் படத்தை முதலில் பார்த்தது தமிழில்தான். கொட்டகையை விட்டு வெளியே வரும்போது எனக்கு ஒரே கோபம். கூட வந்திருந்த நண்பரிடம், "கதாநாயகிக்குப் பேச்சே இல்லையே! எதற்காக வந்தாள், எதற்காகப் போனாள், எதற்காக அழுதாள் என்று ஒன்றும் சொல்லாமல் கதை நடத்தினால் யார் ஒப்புக்கொள்வார்கள்? நான் இப்படி ஓர் அத்தியாயம் எழுதினால் பத்திராதிபர் திருப்பி அனுப்பிவிடுவார்" என்றேன். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குள்ள கர்வம்தான் அது. கதாபாத்திரம் என்றால் தன்னைப் பற்றி நமக்குச் சொல்லக் கடமைப்பட்டவள் என்ற எண்ணம். அந்தக் கோபம் தப்பு என்று தெரிந்துகொள்ள எனக்கு வெகு காலம் பிடித்தது. தெரியவைத்தது சினிமாவல்ல, சரித்திரம். அதிலும் முக்கியமாக, ரேடியோவின் சரித்திரம்.

அமர் ஏன் ரேடியோக்காரனாக இருக்கிறான்? கதைக்குப் பத்திரிகைக்காரன் போதாதா? சுதந்திரம் வந்து ஐம்பது வருஷமாகிவிட்டதே, ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுப் பதிவு செய்வதற்காக டில்லி அவனை வடகிழக்கே அனுப்புகிறது. பத்திரிகைக்காரன் என்றால் ஏதோ ஒரு முதலாளியின் ஆள். ரேடியோக்காரன் சர்க்காரின் வாய். சர்க்காரின் காதும் அவன்தான் என்று அவனே நம்புகிறான். மைக்கை நீட்டுகிறான். அதில் என்ன விழுகிறது என்பதுதான் கதை.

1936 ஜூன் மாதம் 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயர் பிறந்தது. பெயரிலே அகில இந்தியாவும் இருந்ததே தவிர, 1947-இல் நாடு விடுதலை அடைந்தபோது நம் பங்குக்கு வந்தவை ஆறே நிலையங்கள்: டில்லி, பம்பாய், கல்கத்தா, லக்னோ, சென்னை, திருச்சி. ஆறில் இரண்டு தமிழ்ச் சீமையில் இருந்ததைப் பார்த்து நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் அஸ்ஸாமுக்கு ஒன்றுகூட இல்லை. அந்தப் பக்கத்து முதல் நிலையம் ஷில்லாங்கிலும் கௌஹாத்தியிலுமாகத் திறக்கப்பட்டது 1948 ஜூலையில்தான். அதாவது, நள்ளிரவில் சுதந்திரம் வந்த செய்தியைத் திருச்சிக்காரன் தன் ஊர் நிலையத்தில் கேட்க முடிந்தது. அஸ்ஸாமியனுக்கு அது வேற்றூர்க் குரலாகத்தான் போய்ச் சேர்ந்தது. சின்ன விஷயம் என்று நினைக்கத் தோன்றும். வீட்டுக் கல்யாணத்துக்குக் கடிதம் நேரில் வருவதற்கும், ஊரார் சொல்லித் தெரிவதற்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா?

பெரிய விஷயம் 1962 நவம்பரில் நடந்தது.

சில வருஷங்களுக்கு முன் கல்கத்தா மார்க்கமாகப் போகும் ரயிலில் எனக்கு எதிர் ஆசனத்தில் அஸ்ஸாமியப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வைத்தியத்துக்காக வேலூருக்கு வந்துவிட்டு ஊர் திரும்புகிறார். பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் தேஜ்பூர். நான் எழுதுகிறவன் என்று தெரிந்ததும், எதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று கேட்டார். அந்தச் சமயத்தில் இந்தப் படத்தைப் பற்றி எழுதலாம் என்று ஒரு யோசனை இருந்ததால் அதைச் சொன்னேன். படத்தின் பெயருக்கு 'இதயத்திலிருந்து' என்று பொருள் அல்லவா? அதைக் கேட்டதும் அவர் லேசாகச் சிரித்தார்.

"டில்லியின் இதயத்தை நாங்கள் ஒரு தடவை ரேடியோவில் கேட்டிருக்கிறோம், ஐயா" என்றார்.

சீனப் படை போம்டிலாவைப் பிடித்துவிட்டது. கீழே சமவெளியில் தேஜ்பூர் காலியாகிக்கொண்டிருக்கிறது. பாங்கியில் நோட்டுக் கட்டுகளைக் கொளுத்துகிறார்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரியின் கதவைத் திறந்து நோயாளிகளைத் தெருவில் விட்டுவிட்டு அதிகாரிகள் போய்விட்டார்கள். அந்த நேரத்தில் பிரதம மந்திரி நேரு ரேடியோவில் பேசினார். அஸ்ஸாம் மக்களை எண்ணித் தம் இதயம் உருகுகிறது என்ற பொருளில் அவர் ஒரு வாக்கியம் சொன்னார். நேருவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் நெஞ்சார வருந்தித்தான் சொல்லியிருப்பார். அந்த யுத்தம் அவரை எப்படி உடைத்துப் போட்டது என்பது தெரிந்த கதை. ஆனால் அஸ்ஸாமில் அதைக் கேட்டவர்களுக்கு அது ஆறுதலாகப் படவில்லை. 'உங்களைக் கைவிட்டுவிட்டோம், போய் வருகிறோம்' என்பதாகவே பட்டது. அடுத்த ஒன்றிரண்டு நாளில் சீனர்கள் தாமாகவே சண்டையை நிறுத்திவிட்டுத் திரும்பியதும், சர்க்கார் மறுபடி வந்து சேர்ந்ததும் சரித்திரம். அந்த வாக்கியம் மட்டும் திரும்பிப் போகவில்லை. இன்றைக்கும் அஸ்ஸாமில் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

"எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அடுத்த வீட்டு ரேடியோவில் கேட்டுவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள்" என்றார் பெரியவர்.

பேசாத பெண் ஒருத்தியை மறுபடி பார்க்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. ஊருக்குத் திரும்பியதும் 'தில் ஸே'யை இரண்டாம் முறை பார்த்தேன்.

தேநீரிலிருந்தே தொடங்குகிறேன். அஸ்ஸாமுக்கும் தேயிலைக்கும் உள்ள உறவு வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1823-இல் ராபர்ட் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், அங்கே சிங்போ என்ற மலைஜாதியார் தேயிலையைக் காய்ச்சிக் குடிப்பதைக் கண்டார். மூன்று வருஷத்துக்குப் பிறகு, பர்மியரை வென்ற வெள்ளைக்காரர்கள் யாண்டபோ உடன்படிக்கையில் அஸ்ஸாமையும் கையகப்படுத்திக்கொண்டார்கள். அதற்கு முன் ஆஹோம் அரசர்கள் ஏறக்குறைய அறுநூறு வருஷம் ஆண்ட நாடு அது. 1839-இல் லண்டனில் அஸ்ஸாம் கம்பெனி உண்டாயிற்று. பிறகு திக்பாயில் எண்ணெய் கிடைத்தது. தேயிலையும் எண்ணெயும் வெளியே போக, லாபமும் கூடவே போயிற்று. சுதந்திரம் வந்த பிறகாவது நிற்கும் என்று பார்த்தால், அஸ்ஸாமின் கச்சா எண்ணெய் குழாய் வழியாகப் பீகாரில் பரௌனிக்குப் போயிற்று. தன் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த தேயிலையில் ஒரு கோப்பைத் தேநீருக்காக, டில்லியிலிருந்து வந்தவனிடம் ஒரு பெண் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. அதுவும் அவள் கைக்கு வந்து சேரவில்லை. மணிரத்னம் இதையெல்லாம் நினைத்துத்தான் அந்தக் காட்சியை வைத்தாரா என்று எனக்குத் தெரியாது. நல்ல கதை சொல்லிகளுக்குக் கை தானாகவே சரியான பொருளின்மேல் போய் விழும்.

1979 ஏப்ரலில், சிவசாகரில் ஆஹோம் அரசர்கள் வேடிக்கை பார்க்கக் கட்டிய ரங்க் கர் மண்டபத்தில் சில இளைஞர்கள் கூடி 'உல்பா' என்ற அஸ்ஸாம் விடுதலை முன்னணியை ஆரம்பித்தார்கள். அதே வருஷம், அந்நியர்கள் வந்து குவிகிறார்கள் என்று மாணவர் கிளர்ச்சியும் மூண்டது. ஆறு வருஷம் நடந்த அந்தக் கிளர்ச்சியின் நடுவே, 1983 பிப்ரவரியில் நெல்லி என்ற ஊரிலும் சுற்றுப்புறத்திலும் ஏழை முஸ்லிம் குடியானவர்கள் இரண்டாயிரம் பேர் அளவுக்கு ஒரே நாளில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1985-இல் ஒப்பந்தம் ஆகி, மாணவர்களே மந்திரிகளானார்கள். உல்பா மட்டும் காட்டிலேயே இருந்தது. தேயிலைத் தோட்டத்து முதலாளிகளிடம் பணம் வசூலித்தது. கொடுக்காதவர்களைக் கடத்தியது, கொன்றது. 1990 நவம்பரில் தூம்தூமாவிலிருந்து ஒரு பெரிய தேயிலைக் கம்பெனியின் அதிகாரிகளைக் குடும்பத்தோடு விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோகும்படி ஆயிற்று. அதே மாத முடிவில் டில்லி மாகாண மந்திரிசபையைக் கலைத்துவிட்டு ராணுவத்தை இறக்கியது. முதல் நடவடிக்கைக்குப் 'பஜ்ரங்' என்று பெயர். அடுத்த வருஷம் வந்ததற்குக் 'காண்டாமிருகம்' என்று பெயர் சூட்டினார்கள். அஸ்ஸாமின் அடையாளமே காண்டாமிருகம்தான். பெயர் வைத்தவருக்கு ஹாஸ்ய உணர்ச்சி இருந்ததா, இல்லாததால் வைத்தாரா என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

ராணுவம் இறங்கும்போது அதன் பைக்குள் ஒரு சட்டமும் இருந்தது. அந்தச் சட்டத்தின் பிறப்பு, நாவலாசிரியன் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். 1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' கிளர்ச்சி மூண்டது. அதை அடக்க வைஸ்ராய் லின்லித்கோ ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தார். காப்டன் பதவிக்குக் குறையாத எந்த ராணுவ அதிகாரியும் உயிர் போகும்படி சுட உத்தரவிடலாம் என்றது அது. அதைப் பிறப்பித்த தேதி ஆகஸ்டு 15. சரியாக ஐந்து வருஷம் கழித்து அதே தேதியில் வெள்ளைக்காரன் போனான். பதினாறு வருஷம் கழித்து, 1958-இல், அப்போது அஸ்ஸாமோடு இருந்த நாகர் மலைகளில் கிளர்ச்சி தலைதூக்கியபோது, அந்த வெள்ளைக்காரச் சட்டத்தையே நம் பார்லிமெண்டு தூசி தட்டி எடுத்துக்கொண்டது. ஒரு வித்தியாசம் உண்டு. வெள்ளைக்காரன் காப்டனுக்குக் கொடுத்த அதிகாரத்தை நாம் ஹவில்தார் வரைக்கும் கொடுத்தோம். மத்திய சர்க்காரின் அனுமதி இல்லாமல் யார் மீதும் வழக்குத் தொடர முடியாது என்றும் எழுதினோம். கொண்டு வந்தவர் உள்நாட்டு மந்திரி கோவிந்த வல்லப பந்த். அவரே 1942-இல் சிறைக்குப் போனவர். மணிப்பூரிலிருந்து வந்த அங்கத்தினர் லைஷ்ராம் அசாவ் சிங் எதிர்த்துப் பேசினார். கேட்பார் இல்லை. 1990-இல் அது அஸ்ஸாம் முழுவதற்கும் வந்தது. 1997 நவம்பரில், படம் வெளிவர ஒன்பது மாதம் இருக்கையில், சட்டம் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தபோது மேக்னாவின் மௌனம் எனக்கு வேறாகத் தெரிந்தது. அவளுடைய உண்மைப் பெயர் மோய்னா. சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளுடைய கிராமத்தில் சிப்பாய்கள் புகுந்து, அவளையும் அவள் அக்காளையும் என்ன செய்தார்கள் என்பதைப் படத்தின் பிற்பகுதியில் துண்டு துண்டாகத்தான் அறிகிறோம். லடாக் பிரதேசத்து வெட்டவெளியில் அமர் அவளை வற்புறுத்தி அணைக்கும்போது, அவள் மூச்சுத் திணறி உடல் நடுங்குகிறாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் கெட்டவன் அல்லவே! காதலிக்கிறான். ரேடியோவில் அவளைப் பற்றிக் கதையாகவே சொல்லி, தேசம் முழுவதும் கேட்கும்படி செய்கிறான். அவள் கல்யாணமானவள் என்று சொல்லிப் பார்க்கிறாள். அவளோடு வந்தவர்கள் அவனை அடித்துப் போடுகிறார்கள். அவன் விடவில்லை. அவள் வேண்டாம் என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவன் அன்பு இன்னும் கொஞ்சம் பெருகுகிறது.

1998-இல் இதைப் பார்த்து உருகியவர்களில் நானும் ஒருவன். இன்றைக்குப் பார்க்கும்போது கொஞ்சம் பயமாக இருக்கிறது. உன்னிடம் எனக்கு அன்பு இருக்கிறது, ஆகையால் நீ பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பவனிடம் ஒரு பெண் எதைத்தான் சொல்ல முடியும்? மைக்கை நீட்டுகிறவன், நீட்டின கையை மடக்காமல் நின்றால், எதிரில் இருப்பவள் வாயை இன்னும் இறுக மூடிக்கொள்ளத்தான் செய்வாள். என் பழைய கோபமும் அமருடைய கோபமும் ஒரே ஜாதி என்று கண்டபோது எனக்கு வெட்கமாயிருந்தது. நானும் அவளைப் பார்த்து, சொல்லு, சொல்லு என்றுதானே கேட்டுக்கொண்டிருந்தேன்?

ஆனாலும் படத்தின் மேல் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் நான் சரித்திரத்துக்குத் துரோகம் செய்தவனாவேன். மேக்னா டில்லிக்கு வருவது குடியரசு தின அணிவகுப்பில், உடம்பில் வெடிகுண்டைக் கட்டிக்கொண்டு ஜனாதிபதியின் உயிரை வாங்குவதற்காக. உல்பாவின் வழி அதுவல்ல. இடுப்பில் குண்டைக் கட்டிக்கொண்ட பெண்ணை நமக்கு எங்கே தெரியும்? 1991 மே மாதம் 21-ஆம் தேதி இரவு ஸ்ரீபெரும்புதூரில் தெரியும். சென்னையிலிருந்து ஒரு மணி நேரத்துப் பிரயாணம். அந்த இரவை அறிந்த தமிழ் டைரக்டர், அந்தக் கச்சையை எடுத்து அஸ்ஸாமியப் பெண்ணின் இடுப்பில் கட்டிவிட்டார். அதே சமயத்தில், இந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்த சந்தோஷ் சிவன் தாமே ஒரு தமிழ்ப் படம் எடுத்தார். 'தி டெர்ரரிஸ்ட்' என்று உலகம் அறிந்த அந்தப் படத்தின் கதாநாயகி மல்லியும், ஒரு தலைவரைக் கொல்ல உடம்பில் குண்டு கட்டிக்கொள்ளச் சம்மதித்த பெண்தான். ஒருவர் வீட்டுத் துக்கத்தை அயலூரில் வைத்துச் சொன்னார். மற்றவர் ஊர் பெயரையே சொல்லாமல் சொன்னார். சொந்த ஊரில் வைத்து நேராகச் சொல்ல அந்த வருஷங்களில் எல்லோருக்குமே கை கூசியது போலும்.

இன்னொன்று. படத்தின் முடிவில் அமர் அவளைத் தடுத்து நிறுத்தி, ஒரு தடவையாவது காதலைச் சொல்லும்படி மன்றாடுகிறான். அவளை இறுக அணைத்துக்கொள்கிறான். குண்டு வெடிக்கிறது. இருவரும் மாய்கிறார்கள். அணிவகுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணீருக்கு ஏற்ற முடிவுதான். ஆனால் ஆறு வருஷம் கழித்து, 2004 ஆகஸ்டு 15-ஆம் தேதி, அஸ்ஸாமில் தேமாஜி என்ற ஊரில் ஒரு கல்லூரி மைதானத்தில் சுதந்திர தினக் கொடியேற்றத்துக்குக் கூட்டம் கூடியிருந்தது. உல்பா புதைத்த குண்டு வெடித்தது. செத்தவர்களில் ஜனாதிபதி இல்லை, மந்திரி இல்லை, காதலர்களும் இல்லை. பள்ளிக்கூடத்துச் சீருடையோடு வந்த குழந்தைகள், பத்துக்கும் மேற்பட்டவர்கள். கூட வந்த சில தாய்மார்கள். நிஜமான குண்டு யாரையும் அணைத்துக்கொள்வதில்லை. யாருடைய அநீதியைக் காட்டி உல்பா துப்பாக்கி எடுத்ததோ, அவர்களைத் தேமாஜியில் அது எட்டிப் பிடித்துவிட்டது.

படத்தின் பாட்டுக்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் ரஹ்மான் ரஸிகர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். ஹிந்தியில் குல்ஸாரும் தமிழில் வைரமுத்துவும் எழுதியவை. மூட்டை முடிச்சோடு ரயில் பெட்டியின் கூரைமேல் ஏறி ஆடும் அந்த ஆட்டம் உலகமெல்லாம் சுற்றிவிட்டது. படம் இங்கே எதிர்பார்த்தபடி ஓடாவிட்டாலும், இங்கிலாந்தில் அந்த வாரத்தின் முதல் பத்துப் படங்களுக்குள் இடம் பிடித்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் அஸ்ஸாமில் ஓடுவதாகச் சொல்லப்படும் அந்த ரயில், அசலில் நம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறும் நீலகிரி ரயில்தான். அஸ்ஸாமைப் பற்றிய படத்தில் நீலகிரி இருக்கிறது, லடாக் இருக்கிறது, கேரளத்து நீர்வீழ்ச்சி இருக்கிறது.

தேமாஜிக்குப் பிறகு நடந்த ஒன்றை, எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குச் சொல்ல ஆசை. மாமொனி ரைசம் கோஸ்வாமி என்ற இந்திரா கோஸ்வாமி அஸ்ஸாமிய நாவலாசிரியை. ஞானபீடப் பரிசு பெற்றவர். டில்லிப் பல்கலைக்கழகத்தில் போதித்தவர். உல்பாவுக்கும் டில்லிக்கும் நடுவே அந்த அம்மாள் தூது போனார். கையில் பதவியில்லை, அதிகாரமில்லை. 2005-இல் இருதரப்பும் பேசுவதற்கு ஒரு குழு அமைகிற வரைக்கும் கொண்டுவந்தார். மறு வருஷமே பேச்சு முறிந்தது. 2011 நவம்பரில் அவர் காலமானார். அவர் ஆரம்பித்து வைத்தது முழு வட்டம் சுற்றி, உல்பாவின் ஒரு பிரிவு உடன்படிக்கையில் கையெழுத்திட்டது 2023 டிசம்பரில்தான். பரேஷ் பருவாவின் பிரிவு அதில் சேரவில்லை. அஸ்ஸாமின் பல ஜில்லாக்களிலிருந்து அந்தச் சட்டமும் 2022 முதல் விலகியிருக்கிறது.

மணிப்பூர்ப் பக்கம் வேறு விதம். 2000 நவம்பரில் மாலோம் என்ற இடத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்த பத்துப் பேர் சுடப்பட்டதைக் கண்டு, இரோம் ஷர்மிளா சட்டத்தை எடுக்கும் வரை உணவு வேண்டாம் என்று உட்கார்ந்தாள். அவள் மூக்கில் குழாயைச் செருகிப் பதினாறு வருஷம் ஊட்டினார்கள். 2016-இல் அவளே விரதத்தை முடித்துக்கொண்டாள். 2004-இல் இம்பாலில் காங்களாக் கோட்டை வாசலில், வயதான தாய்மார்கள் உடையைக் களைந்து நின்று ராணுவத்தைக் கூவி அழைத்ததை உலகம் பார்த்தது. மனோரமா என்ற பெண்ணைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பிணமாகப் போட்டதற்கு அது பதில். மோய்னா வாய் திறந்து சொல்லாததை அந்தத் தாய்மார்கள் சொல்லியே விட்டார்கள்.

ரயிலில் அந்தப் பெரியவரிடம், உங்கள் ஊர் ரயில் பாட்டை எங்கள் நீலகிரியில்தான் எடுத்தார்கள் என்று நான் சொல்லியிருந்தேன். அவருக்கு அது வெகு வேடிக்கையாகப் போய்விட்டது.

"அப்படியா! அங்கேயும் தேயிலை உண்டா?" என்று கேட்டார்.

உண்டு என்றேன். விஜயவாடாவில் வண்டி நின்றபோது, ஜன்னல் பக்கம் வந்த பையனிடம் இரண்டு கோப்பைத் தேநீர் வாங்கினேன். பெரியவர் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பால் அதிகம் என்றார். இருந்தாலும் மீதி வைக்காமல் குடித்தார். நான் நீட்டிய நோட்டுக்குச் சில்லறை தேடிப் பையன் பைக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கும்போதே வண்டி நகர்ந்துவிட்டது.